நர்சிங் சேரும் முன்: அங்கீகாரம் எங்கிருந்து வருகிறது, வேலை எங்கிருந்து வருகிறது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரமே நர்சிங் கல்லூரி விளம்பரங்கள் குவிய ஆரம்பித்துவிடும். பேருந்து நிலையச் சுவர், உள்ளூர் கேபிள் டிவி, வாட்ஸ்அப் குழு என்று எங்கே பார்த்தாலும் ஒரே வாசகம்தான்: "அரசு அங்கீகாரம் பெற்றது, 100% வேலைவாய்ப்பு." பெற்றோர் கேட்பதும் ஒரே கேள்விதான். "காலேஜ் அப்ரூவ்டு தானே?" "ஆமாம்" என்று பதில் வரும். பல நேரம் அந்தப் பதில் பொய்யாகக்கூட இருக்காது. ஏதோ ஒரு அலுவலகம் ஏதோ ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கும். எந்த அலுவலகம், எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு என்று கேட்காமல் விட்டதால்தான், லட்சக்கணக்கில் செலவழித்துப் படித்து முடித்த பிறகு "உங்கள் பெயரைப் பதிவு செய்ய முடியாது" என்ற பதிலோடு பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள்.

அங்கீகாரம் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே ஒரு முத்திரை கிடையாது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எந்த ஏஜென்ட்டும் உங்களை ஏமாற்றுவது கஷ்டம்.

முதலில், எது நர்சிங் படிப்பு?

சட்டப்படி ஒருவரை நர்ஸ் ஆக்கும் அடிப்படைப் படிப்புகள் மூன்றுதான்.

ஏ.என்.எம்., அதாவது துணை நர்ஸ் மற்றும் தாதிப் படிப்பு, 2 ஆண்டு, பெண்களுக்கு மட்டும். கிராம சுகாதார செவிலியர் வேலைக்குப் போகிறவர்கள் இதைப் படித்தவர்கள். ஜி.என்.எம்., அதாவது பொது நர்சிங் மற்றும் தாதியியல், 3 ஆண்டு டிப்ளமோ. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும், ஆங்கிலத்தோடு 40% மதிப்பெண் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பொதுப்பிரிவில் 45% வேண்டும். ஜி.என்.எம். முடித்தவர்கள் பிறகு 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம். அதற்கு மேலே எம்.எஸ்சி. இருக்கிறது.

"ஒரு வருட நர்சிங் டிப்ளமோ", "ஆறு மாத நர்சிங் அசிஸ்டென்ட்", "டிப்ளமோ இன் ஹெல்த் அசிஸ்டென்ட்" என்று ஊருக்கு ஊர் மாடிக் கட்டடங்களில் நடக்கும் எதுவும் மேலே சொன்ன மூன்றில் சேராது. அவற்றில் சில நாணயமானவை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சக்கர நாற்காலி தள்ளுவது போன்ற உதவியாளர் வேலைக்கு ஆள் தயார் செய்பவை. அந்த வேலைக்கு மதிப்பு உண்டு, தேவையும் உண்டு. ஆனால் வெள்ளை யூனிஃபார்ம் கொடுத்து, தொப்பி வைத்துப் போட்டோ எடுத்து, "நீ நர்ஸ் ஆகிவிட்டாய்" என்று ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணை நம்பவைப்பது பெரிய அநியாயம். அவளுக்கு எந்த மாநில கவுன்சிலிலும் பதிவு கிடைக்காது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பத்து வருடம் வேலை பார்த்தாலும் சம்பளச் சீட்டில் உதவியாளராகவே இருப்பாள்.

சுருக்கமாக: படிப்பின் பெயர் ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் இந்த மூன்றில் ஒன்றாக இல்லையென்றால், கல்லூரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை முடித்து நர்ஸ் ஆக முடியாது.

ஒரு பஸ் ஓட எத்தனை தாள் வேண்டும்?

ஒரு தனியார் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ரூட்டில் ஓடலாம் என்று பெர்மிட் வேண்டும். வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது என்று எஃப்.சி. வேண்டும், அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஓட்டுநரிடம் லைசென்ஸ் வேண்டும், அது வண்டிக்கு உரியது இல்லை, அந்த ஆளுக்கு உரியது. பெர்மிட் இருக்கிறதே என்பதற்காக எஃப்.சி. இல்லாமல் ஓட முடியாது. ஒரு ரூட்டுக்கு வாங்கிய பெர்மிட்டை வைத்து இன்னொரு ரூட்டில் ஓட முடியாது. எல்லாத் தாளும் சரியாக இருந்தாலும், பஸ் நேரத்துக்குப் போய்ச் சேருமா என்பதை எந்தத் தாளும் சொல்லாது.

நர்சிங் கல்லூரியும் அப்படித்தான். நடத்துவதற்கு ஒரு அனுமதி, பயிற்சித் தரத்துக்கு ஒரு ஆய்வு, பட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகம், கடைசியில் உங்கள் பெயரில் ஒரு பதிவு. ஒன்று இருப்பதால் இன்னொன்று தானாக வந்துவிடாது.

நான்கு அலுவலகங்கள், நான்கு தாள்கள்

முதலாவது மாநில அரசு. இந்த இடத்தில், இந்த அறக்கட்டளை, இத்தனை இடங்களோடு நர்சிங் கல்லூரி தொடங்கலாம் என்று அரசு அனுமதி தரும். விளம்பரத்தில் "அரசு அங்கீகாரம்" என்று போடுகிறவர்கள் பல நேரம் இதை மட்டும் மனதில் வைத்துத்தான் போடுகிறார்கள்.

இரண்டாவது இந்திய நர்சிங் கவுன்சில். எல்லோரும் ஐ.என்.சி. என்பார்கள். 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது, தலைமையிடம் டெல்லி. நாடு முழுவதும் நர்சிங் பாடத்திட்டம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் இதன் வேலை. பி.எஸ்சி. நர்சிங்கை 8 செமஸ்டராக மாற்றிய 2021 ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் இவர்கள் வகுத்ததுதான். கல்லூரிக்கு ஆய்வாளர்களை அனுப்பி, ஆசிரியர், கட்டடம், ஆய்வகம், மருத்துவமனை எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து, பொருத்தமானவற்றைக் கல்வியாண்டு வாரியாகப் பட்டியலில் போடுவார்கள்.

மூன்றாவது மாநில கவுன்சில். நம்முடையது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். சென்னை சாந்தோமில் இருக்கிறது. 1926 ஆம் ஆண்டு மெட்ராஸ் மாகாணச் சட்டத்தில் பிறந்தது, அதாவது ஐ.என்.சி.யைவிட மூத்தது. நான்கிலும் மாணவர்களுக்கு மிக முக்கியமானது இதுதான், ஏனென்றால் பதிவு கொடுப்பது இவர்கள். பதிவு என்றால், உங்கள் பெயரைச் செவிலியர் பட்டியலில் சேர்த்து ஒரு எண் தருவது. அந்த எண் வந்தால்தான் பெயருக்குப் பின்னால் ஆர்.என்.ஆர்.எம். (பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற தாதி) என்று போட முடியும். பட்டச் சான்றிதழ் கையில் இருந்தும் பதிவு இல்லையென்றால் நீங்கள் நர்சிங் படித்தவர், நர்ஸ் இல்லை.

நான்காவது பல்கலைக்கழகம். பி.எஸ்சி. என்றால் பட்டம் தருவது கல்லூரி இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளுக்குச் சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான் பட்டம் தருகிறது. கல்லூரியை அது தன்னோடு சேர்த்துக்கொள்வதற்குப் பெயர் இணைப்பு, பேச்சில் அஃபிலியேஷன். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டத்தைத் தாங்களே தரும், ஆனால் அவற்றின் மாணவர்களும் பதிவுக்கு மாநில கவுன்சிலிடம்தான் போக வேண்டும். ஜி.என்.எம். டிப்ளமோ என்பதால் அதில் பல்கலைக்கழகம் வராது, மாநிலத் தேர்வு வாரியம் வரும்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. 2023 இல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு தாதியர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஐ.என்.சி.யின் இடத்தில் ஒரு தேசிய ஆணையமும், மாநிலங்களில் மாநில ஆணையங்களும் வர வழிசெய்யும் சட்டம் அது. பெயர்ப்பலகை மாறினாலும் இந்த நான்கு தாளும் இருக்கிறதா என்று நீங்கள் கேட்க வேண்டியது மாறாது.

சுருக்கமாக: கல்லூரி நடத்த அனுமதி அரசிடம், பயிற்சித் தரம் ஐ.என்.சி.யிடம், பட்டம் பல்கலைக்கழகத்திடம், நர்ஸ் என்ற தகுதி மாநில கவுன்சிலிடம்.

நாக், என்.ஏ.பி.எச்., ஐ.எஸ்.ஓ.

மேலே சொன்ன நான்கும் கட்டாயம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருபவை பெரும்பாலும் கட்டாயமில்லாதவை. நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களுக்கு மதிப்பீடு செய்து கிரேடு தரும் அமைப்பு, 1994 இல் தொடங்கியது. நல்ல கிரேடு இருந்தால் சந்தோஷம், ஆனால் அது பதிவுக்கு ஈடாகாது. என்.ஏ.பி.எச். என்பது மருத்துவமனைக்குத் தரும் தரச்சான்று. ஒரு கல்லூரி "என்.ஏ.பி.எச். அங்கீகாரம்" என்று போட்டால், அது அவர்களுடைய மருத்துவமனைக்குக் கிடைத்ததா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் உண்மையிலேயே நல்ல செய்தி, ஏனென்றால் பயிற்சி அங்கேதான். ஐ.எஸ்.ஓ. சான்று அலுவலக நடைமுறை ஒழுங்காக இருப்பதைச் சொல்லுமே தவிர, நர்சிங் பயிற்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பட்டியலில் எப்படித் தேடுவது?

ஐ.என்.சி. இணையதளத்தில் மாநிலம், படிப்பு, கல்வியாண்டு தேர்ந்தெடுத்தால் கல்லூரிகளின் பட்டியல் வரும். பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். மூன்று விஷயம் பொருந்த வேண்டும்.

ஒன்று, படிப்பு. ஒரே அறக்கட்டளை ஒரே வளாகத்தில் ஜி.என்.எம். பள்ளியும் பி.எஸ்சி. கல்லூரியும் நடத்தும். இரண்டின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஒப்புதல் படிப்புவாரியானது. ஜி.என்.எம். பட்டியலில் இருக்கும் பெயரைக் காட்டிப் பி.எஸ்சி.க்கு ஆள் சேர்ப்பது நடக்கிற காரியம்.

இரண்டு, ஆண்டு. போன வருடத்துப் பட்டியலில் இருந்தது இந்த வருடத்துக்குப் போதாது. நீங்கள் சேரும் கல்வியாண்டில் இருக்க வேண்டும்.

மூன்று, இடங்களின் எண்ணிக்கை. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பட்டியலில் 40 இடம் என்று இருக்கிறது, வகுப்பில் 60 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மீதி 20 பேர் யார்? அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. சில இடங்களில் அவர்களை வேறொரு கல்லூரியின் கணக்கில் காட்டுவார்கள், சில இடங்களில் "அடுத்த வருடம் ஏற்றிவிடுவோம்" என்பார்கள். முதல் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஆகவே அட்மிஷன் பேசும்போதே, "போன வருடம் சேர்ந்த எல்லோருக்கும் பல்கலைக்கழகப் பதிவு எண் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதைவிட, கேன்டீன் பக்கம் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவியிடம் கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.

இதே பெயரைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியலிலும், மாநில கவுன்சிலின் பட்டியலிலும் பாருங்கள். மூன்று பட்டியலிலும் பெயர், ஊர், படிப்பு ஒத்துப்போக வேண்டும். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆண்டுதோறும் கவுன்சலிங் நடத்துகிறது. அரசு இடங்களைத் தரும் தனியார் கல்லூரிகளும் அதில் வரும். நீங்கள் மேனேஜ்மென்ட் இடத்தில்தான் சேரப்போகிறீர்கள் என்றாலும், அந்தக் கல்லூரி கவுன்சலிங் பட்டியலில் இருந்தால் அது பல அலுவலகக் கண்களைக் கடந்து வந்தது என்று அர்த்தம். மதிப்பெண் நன்றாக இருந்தால் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்காமல் நேராகத் தனியாரிடம் போய்ப் பணம் கட்டாதீர்கள். ஏஜென்ட்டுகள் அவசரப்படுத்துவதே கவுன்சலிங் தொடங்குவதற்கு முன்னால் உங்களிடம் பணம் வாங்கத்தான்.

பெங்களூரு சீட் என்று வந்தால்

தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஏராளமான பிள்ளைகள் கர்நாடகத்துக்குப் போய் நர்சிங் படிக்கிறார்கள். அங்கே நிலவரம் கொஞ்சம் சிக்கலானது. மாநில கவுன்சிலும் மாநில மருத்துவப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டால் போதும், தனித்தனிக் கல்லூரிக்கு ஐ.என்.சி. அங்கீகாரம் தேவையில்லை என்று கர்நாடக அரசு நிலைப்பாடு எடுத்தது. வழக்கு நீதிமன்றம் போய், 2017 இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அந்தப் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அதனால் "எங்களுக்கு ஐ.என்.சி. தேவையில்லை" என்று அங்குள்ள கல்லூரி சொன்னால் அது ஏமாற்று வேலை என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட முடியாது.

உங்களுக்கு வேண்டியது வேறு. வெளிமாநிலத்தில் படித்தவர் முதலில் படித்த மாநிலத்தின் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், அப்புறம் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வந்து தமிழ்நாடு கவுன்சிலில் பதிய வேண்டும். ஆகவே கல்லூரியிடம் கேட்பதைவிட, சேருவதற்கு முன் சாந்தோம் அலுவலகத்தில், "இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பை முடித்து வந்தால் இங்கே பதிய முடியுமா?" என்று எழுத்தில் கேட்பதுதான் பலன் தரும். கிருஷ்ணகிரி தாண்டிப் படிக்கப் போவதில் தப்பே இல்லை. அங்கே அருமையான கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரியைக் கண்ணால் பார்க்காமல், ஏஜென்ட் காட்டிய கையேட்டை மட்டும் நம்பிப் போவதுதான் ஆபத்து.

தாளில் தெரியாதது: கட்டில்கள்

இனி எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாத் தாளும் சரியாக உள்ள இரண்டு கல்லூரிகள் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. வித்தியாசம் வார்டில் இருக்கிறது.

நர்சிங் கையால் கற்கும் தொழில். நரம்பில் ஊசி ஏற்றுவதை எத்தனை படம் பார்த்தாலும் கற்க முடியாது. வயதானவரின் நழுவும் நரம்பை விரல் நுனியால் தேடிப் பிடித்துப் பழக வேண்டும். பிரசவ வலியில் இருப்பவளின் வயிற்றில் கை வைத்து, இப்போது இறுகுகிறது, இப்போது தளர்கிறது என்று உணர்ந்து பழக வேண்டும். அதற்கு நோயாளிகள் வேண்டும். அதனால்தான் ஐ.என்.சி. விதிகளில் கட்டடத்தைவிட மருத்துவமனைக்குக் கனம் அதிகம். பி.எஸ்சி. கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கையுள்ள தாய் மருத்துவமனை, அதாவது கல்லூரியை நடத்துபவர்களின் சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்று நோயாளி என்ற விகிதம் வேண்டும். படுக்கைகளில் 75 விழுக்காடாவது நிரம்பியிருக்க வேண்டும். 10 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வேலைநாளில் முற்பகலில் அந்த மருத்துவமனைக்குள் நடந்து பாருங்கள். பார்வையாளராகப் போக யாரும் தடுக்க மாட்டார்கள். புறநோயாளி வரிசை இருக்கிறதா? வார்டில் கட்டில்களில் ஆள் இருக்கிறார்களா, இல்லை விரிப்பு கலையாமல் வரிசையாகக் கிடக்கிறதா? பிரசவ வார்டு இயங்குகிறதா? ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை மாணவிகள் நிற்கிறார்கள்? ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்க்க எட்டுப் பேர் வரிசையில் நின்றால், விகிதம் என்ன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் இறுதியாண்டு மாணவி ஒருவரிடம் அவருடைய கேஸ் புக்கைப் பற்றிக் கேளுங்கள். பார்த்த கர்ப்பிணிகள், உடனிருந்த பிரசவங்கள், தானே பார்த்த பிரசவங்கள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் ஏடு அது. குறிப்பிட்ட எண்ணிக்கை நிறைந்தால்தான் தேர்வு எழுத முடியும். "அரசு ஆஸ்பத்திரி போஸ்டிங்கில் நைட் டூட்டி பார்த்து முடித்தோம்" என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. "சீனியர் அக்கா நோட்டைப் பார்த்து எழுதினோம்" என்று வந்தால் அந்தக் கல்லூரியில் பணம் கட்டாதீர்கள். நோட்டில் நிரம்பிய பிரசவங்களை நம்பி லேபர் வார்டில் முதல் நாள் வேலைக்கு நிற்பவள் படும் அவதி கொடுமையானது. அவளைவிட ஆபத்தில் இருப்பது கட்டிலில் படுத்திருப்பவள்.

தாய் மருத்துவமனையில் எல்லா வகை நோயாளியும் வர மாட்டார்கள். மனநலத்துக்குச் சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் போன்ற இடத்துக்கும், சமூக நலத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், குழந்தைகள் பிரிவுக்கு வேறு மருத்துவமனைக்கும் மாணவர்களை அனுப்ப வேண்டும். எங்கே, எத்தனை வாரம், வண்டி யாருடையது, கூட ஆசிரியர் வருவாரா என்று கேட்டு வாங்குங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சில மருத்துவமனைகள் கல்லூரி நடத்துவதே சம்பளமில்லாத ஆள் கிடைக்கும் என்பதற்காக. முதலாண்டு மாணவிகளையே தனியாக நைட் டூட்டியில் நிறுத்துவார்கள். "எங்க காலேஜில் நல்ல பிராக்டிகல்" என்று அதற்குப் பெயர் சொல்வார்கள். கற்றுக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் நிற்கும்வரைதான் அது பயிற்சி.

சுருக்கமாக: தாள்கள் சரியாக இருந்தால் கல்லூரியைப் பரிசீலிக்கலாம். அதில் சேரலாமா என்பதை வார்டுதான் சொல்லும்.

"100% வேலை" என்றால் என்ன?

நர்சுக்கு ஏதாவது ஒரு வேலை கிடைப்பது கஷ்டமே இல்லை. பதிவு எண் உள்ள யாரையும் பக்கத்து ஊர் நர்சிங் ஹோம் நாளைக்கே எடுத்துக்கொள்ளும். எனவே 100% என்பதைக் கல்லூரியின் சாதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை படுக்கை மருத்துவமனையில், எவ்வளவு சம்பளத்தில், எத்தனை பேர் ஒரு வருடத்துக்குப் பிறகும் அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

தனியார் சம்பளம்தான் இந்தத் தொழிலின் ஆறாத புண். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் மாதம் ரூ.20,000க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்த ரூ.20,000ஐக் கண்ணால் பார்க்காத நர்சுகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். படிப்புக்குக் கடன் வாங்கும் முன், அதே ஊரில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கைக்கு வரும் தொகையைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

மாநில அரசு வேலைக்கு 2012 இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அங்கே மாநில கவுன்சில் பதிவு கட்டாயம், கல்லூரியின் பெயருக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஆனால் "அரசு வேலை" என்பதிலும் இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2015 இல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தபோது, அவர்களைச் சேர்த்தது ரூ.7,700 தொகுப்பூதியத்தில். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். தொகை பிறகு உயர்ந்தது என்றாலும், நிரந்தரப் பணியிடத்துக்குக் காத்திருப்பது பல வருடக் கதை.

மத்திய அரசு மருத்துவமனைகள் வேறு உலகம். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு 2020 முதல் நார்செட் என்ற பொதுத்தேர்வு நடக்கிறது. அடிப்படைச் சம்பளம் மட்டுமே ரூ.44,900. பி.எஸ்சி. முடித்தவர் நேராக எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவருக்குக் குறைந்தது 50 படுக்கை மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். 80 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு என்பதால் ஆண் பிள்ளைகளுக்குப் போட்டி கடுமை. பிள்ளைக்குப் பி.எஸ்சி.யா ஜி.என்.எம்.மா என்று யோசிப்பவர்கள், வசதி இருந்தால் பி.எஸ்சி.யைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வதற்கு ஜி.என்.எம்.முக்கு மட்டும் கேட்கும் அந்த அனுபவ விதி ஒன்றே போதும்.

வெளிநாடு போக வேண்டுமென்றால்

எந்தக் கல்லூரியும் உங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் அந்த நாட்டு கவுன்சில் உங்களைத் தனியாகச் சோதித்துத்தான் பதிவு தரும். பிரிட்டன் என்றால் ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, இங்கிருந்தே எழுதும் கணினித் தேர்வு, அங்கே போன பிறகு செய்முறைத் தேர்வு. அமெரிக்கா என்றால் என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு. ஜெர்மனி என்றால் முதலில் ஜெர்மன் மொழி. வளைகுடா நாடுகளில் பொதுவாக 2 ஆண்டு அனுபவம் கேட்பார்கள், சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள்.

இங்கே கல்லூரியின் பங்கு ஒன்று உண்டு, அது டிரான்ஸ்கிரிப்ட். நீங்கள் எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு பார்த்தீர்கள் என்று கல்லூரி தரும் விவரப் பட்டியல் அது. அமெரிக்காவுக்கான சரிபார்ப்பில் கல்லூரியே அதை நேரடியாக அனுப்ப வேண்டும். படித்து எட்டு வருடம் கழித்துக் கேட்டால் எடுத்துத் தரும் அலுவலகம் இருக்கிறதா, கல்லூரியே இருக்கிறதா என்பது அப்போது பெரிய கேள்வியாகிவிடும். பழைய மாணவர்களிடம் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

சவூதி, குவைத், கத்தார் உட்பட 18 நாடுகளுக்கு நர்சுகளை அனுப்ப அரசு நிறுவனங்களுக்குத்தான் அனுமதி என்று 2015 இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம் 1978 இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். வெளிநாட்டு வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் தனிநபரிடம் போவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

பணம் கட்டும் நாளில்

நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தக் கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். ஹாஸ்டல், வண்டி, யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம், வெளி மருத்துவமனை போஸ்டிங் கட்டணம் எல்லாம் அதில் வர வேண்டும். "முடித்த பிறகு எங்கள் மருத்துவமனையில் இரண்டு வருடம் பார்க்க வேண்டும்" என்ற பாண்டில் கையெழுத்துக் கேட்டால், எவ்வளவு சம்பளத்தில் என்று அதே தாளில் இருக்கிறதா பாருங்கள். அசல் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் அறிவித்திருக்கிறது. நர்சிங் கல்லூரிகளில் பிள்ளைகளைக் கட்டிப்போடும் கயிறு பெரும்பாலும் அந்த அசல் சான்றிதழ்தான்.

ஏற்கெனவே ஒரு வருட டிப்ளமோவில் சேர்ந்துவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பிளஸ் டூவில் ஆங்கிலத்தோடு 40% இருந்து, வயது 35க்குள் என்றால் ஜி.என்.எம்.மில் புதிதாகச் சேரலாம். படித்த ஒரு வருடத்தைக் கழித்துக்கொள்ள மாட்டார்கள், முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படி முடித்து, பதிவு எண் வாங்கி, இரண்டு வருடம் பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டால் நார்செட், போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., வளைகுடா மூன்றுக்கும் விண்ணப்பிக்கலாம்.